அரியலூரின் கல்லெலும்புகளும் நம் பிள்ளைகளின் கேள்விகளும்

படைத்துப் பரிபாலிக்கும் வல்ல ரப்புல் ஆலமீனுக்கே புகழனைத்தும். இறுதித் தூதர் முஹம்மத் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் ஸலவாத்தும் ஸலாமும் உண்டாவதாக.

மக்தபுக்கு ஓத வரும் பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக் கேள்விகளையும் உடன் சுமந்தே வருகின்றனர். "ஹஜ்ரத், டைனோசர் இருந்தது உண்மையா? குர்ஆனில் அது வருகிறதா? ஆதம் (அலை) அவர்களுக்கு முன்னாலா, பின்னாலா? மனிதனே இல்லாத காலத்தில் அல்லாஹ் அவற்றை எதற்காகப் படைத்தான்?" எட்டு, ஒன்பது வயதுப் பிள்ளைகள் இவற்றைக் கேட்கின்றனர். இக்கேள்விகள் சிறுபிள்ளைத்தனமானவை அல்ல. காணாத ஒன்றை அறிவது எப்படி, அழிந்துபோனதற்கு அர்த்தம் உண்டா, காலத்தின் பரப்பில் மனிதனின் இடம் என்ன என்னும் பெரிய விசாரணைகளே அவற்றுள் அடங்கியிருக்கின்றன.

நம் இல்லங்களில் இதற்கு இரண்டு விதமான பதில்கள் வழக்கத்தில் உள்ளன. "அதெல்லாம் கட்டுக்கதை, பேசாதே" என்பது ஒன்று. கைப்பேசியில் வந்த ஏதோ ஒரு படத்தைக் காட்டி, "பார், நம் வேதம் சொன்னதை இவர்கள் இப்போதுதான் கண்டுபிடித்திருக்கிறார்கள்" என்பது மற்றொன்று. முதலாவது பிள்ளையின் வாயை அடைக்கிறது. இரண்டாவது, ஆராயப்படாத செய்தியை ஈமானுக்கு முட்டுக்கொடுக்கிறது. கல்லூரிப் பருவத்தில் அந்தப் பிள்ளை உண்மையைத் தானே கண்டறியும்போது, மார்க்கம் வேறு, உண்மை வேறு என்று எண்ணத் தலைப்பட்டால் அந்தப் பழி யாரைச் சேரும்? ஆகவே இந்தப் பொருளை அதன் வரலாற்றோடு சற்று விரிவாக நோக்குவோம்.

கொல்லிமலையும் அரியலூர்க் கடலும்

சேந்தமங்கலத்திலிருந்து கிழக்கே நோக்கினால் எழுந்து நிற்பது கொல்லிமலை. ஏறத்தாழ 250 கோடி ஆண்டுப் பழமையுடைய அதன் கருங்கற்பாறைகள், பூமியின் ஆழத்தில் கடும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருவானவை. இப்பாறைகளில் எலும்போ சிப்பியோ தேடினால் கிடைக்காது. உயிரின் சுவடுகளைக் காக்க வேண்டுமானால் சேறும் மணலும் மெல்லப் படிய வேண்டும். உருகி இறுகிய பாறையில் அதற்கு இடமில்லை.

ஆனால் இம்மலையைத் தாண்டி, துறையூர், பெரம்பலூர் வழியாக அரியலூர் நோக்கிச் சென்றால் நிலத்தின் இயல்பே மாறிவிடுகிறது. அங்கே உழுத வயலிலும் ஓடைக் கரையிலும் கல்லாகிப்போன சிப்பிகள் கிடைக்கின்றன. ஆட்டுக்கடாவின் கொம்பைப் போலச் சுருண்ட அம்மோனைட் என்னும் கடலுயிரின் ஓடுகள் கிடைக்கின்றன. சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன் அப்பகுதியைக் கடல் மூடியிருந்தது என்பதற்கு இவை சான்றுகள். பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் 18 மீட்டர் நீளமுள்ள கல்மரம் ஒன்று கிடக்கிறது. கடலுக்குள் அடித்துச் செல்லப்பட்டுச் சேற்றில் புதைந்து கல்லான அம்மரத்தை 1940இல் புவியியலாளர் எம்.எஸ். கிருஷ்ணன் கண்டறிந்தார். அரியலூர் மாவட்டத்துக் கல்லமேட்டிலோ டைனோசர் எலும்புகள் கிடைத்தன.

நாம் வீடும் பள்ளிவாசலும் கட்டப் பயன்படுத்தும் சிமெண்டில் அரியலூர் வட்டாரத்துச் சிமெண்டும் உண்டு. அதற்காக வெட்டியெடுக்கப்படும் சுண்ணாம்புக்கல்லில் பெரும்பகுதி, பழங்கடலில் வாழ்ந்து மடிந்த உயிர்களின் ஓடுகள் படிந்து உண்டானது. நாம் ஸஜ்தா செய்யும் தளத்தின் அடியிலும் நமக்குக் கோடிக்கணக்கான ஆண்டுகள் முந்திய படைப்பினங்களின் எச்சம் இருக்கக்கூடும். இதை அறிந்தபின் அந்தத் தளம் நமக்குப் பழைய தளமாகத் தோன்றுவதில்லை.

ஆராய்ந்தவர்கள்

இப்பகுதியின் கல்லுயிர்களை முதலில் முறையாகத் திரட்டியவர்கள் ஆங்கிலேய அதிகாரிகளான கேய், கன்லிஃப் ஆகியோர். அவர்கள் புதுச்சேரி, விருத்தாசலம், திருச்சிராப்பள்ளிப் பகுதிகளில் சேகரித்து லண்டனுக்கு அனுப்பியவற்றை எட்வர்ட் ஃபோர்ப்ஸ் 1846இல் விவரித்து வெளியிட்டார். 1862இல் ஹென்றி பிளான்ஃபோர்ட் இப்பாறை அடுக்குகளின் விரிவான அளவாய்வை வெளியிட்டார். தொடர்ந்து ஃபெர்டினாண்ட் ஸ்டோலிச்கா என்னும் மொராவிய நாட்டறிஞர், தென்னிந்தியக் கல்லுயிர்களைப் பற்றிப் பெருந்தொகுதிகளை எழுதினார்.

எனினும் கல்லான சிப்பியைக் கண்டு, "இங்கே ஒருகாலத்தில் கடல் இருந்திருக்கிறது" என்று முடிவுசெய்யும் சிந்தனை பிற்கால ஐரோப்பாவுக்கு மட்டும் உரியதன்று. அல்-பீரூனி (ரஹ்) அவர்கள் 1025ஆம் ஆண்டளவில் கஸ்னாவில் முடித்த, நகரங்களின் அமைவிடங்களைக் கணக்கிடும் நூலில் இதை எழுதியிருக்கிறார்கள். அரபுப் பாலைவனத்தில் கிணறு தோண்டும்போது வெளிப்படும் கற்களை உடைத்தால் உள்ளே சிப்பிகள் காணப்படுவதைச் சுட்டி, அந்நிலம் முன்பு கடலாக இருந்து பின்னர் நிரம்பியது என்றார்கள். அவர்களே இந்தியாவைப் பற்றிய நூலில், மலைக்கு அருகில் பெரிய உருளைக்கற்களும், தொலைவு செல்லச் செல்லச் சிறிய கற்களும், இறுதியில் மணலும் இருப்பதைக் கவனித்து, வட இந்தியச் சமவெளி ஆறுகள் கொண்டுவந்து நிரப்பிய கடற்பகுதி என்று ஊகித்தார்கள்.

அவர்களின் காலத்தவரான இப்னு ஸீனா (980–1037), 'அஷ்-ஷிஃபா' நூலில் மலைகள் உருவாவதையும் உயிருள்ளவை கல்லாவதையும் விளக்கினார். மனித வரலாறு குறித்துவைக்க முடியாத அளவு நெடிய காலம் இதற்குத் தேவை என்பதையும் உணர்ந்திருந்தார். அப்பகுதி 1200ஆம் ஆண்டளவில் லத்தீனில் பெயர்க்கப்பட்டு, நெடுங்காலம் அரிஸ்டாட்டிலின் எழுத்தென்றே ஐரோப்பாவில் கருதப்பட்டது. முன்னோர் பெருமையைப் பேசி மகிழ்வதற்காக இதைச் சொல்லவில்லை. கல்லைக் கண்டு கேள்வி கேட்பது ஈமானுக்கு அந்நியமான செயல் என்று அந்தத் தலைமுறையினர் கருதவில்லை என்பதே நாம் கவனிக்க வேண்டியது. பூமியில் பயணம் செய்து, படைப்பு எவ்வாறு தொடங்கியது என்று பார்க்குமாறு அல்லாஹ் ஏவுகிறான் (29:20). பார்க்கும்படி ஏவப்பட்ட சமுதாயம் கண்ணை மூடிக்கொள்வது எங்ஙனம் தகும்?

காணாததை அறிவது எப்படி?

இப்போது முதற் கேள்விக்கு வருவோம். டைனோசரைக் கண்ட மனிதர் எவருமில்லை. அறிவிப்பாளர் தொடரும் கிடையாது. அப்படியிருக்க, அது இருந்தது என்று எவ்வாறு உறுதியாகச் சொல்வது?

இதற்கான விடையின் திறவுகோல் சூரா யூஸுஃபிலேயே இருக்கிறது. யூஸுஃப் (அலை) அவர்கள் மீது பழி சுமத்தப்பட்டபோது, நடந்ததைக் கண்ட சாட்சி இல்லை. அப்பெண்ணின் உறவினருள் ஒருவர், சட்டை முன்புறம் கிழிந்திருந்தால் அவள் சொல்வது உண்மை, பின்புறம் கிழிந்திருந்தால் அவர் சொல்வது உண்மை என்று முடிவுகட்டும் வழியைக் காட்டினார். சட்டை பின்புறம் கிழிந்திருந்தது. உண்மை வெளிப்பட்டது (12:26–28). கண்ணால் காணாத நிகழ்வை, அது விட்டுச்சென்ற அடையாளத்தைக் கொண்டு அறிய முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் வேண்டுமோ? ஃபிக்ஹுக் கலையில் இதற்குக் 'கரீனா' என்று பெயர்.

ஹதீஸிலும் இதற்கு முன்மாதிரி உண்டு. முஜஸ்ஸிஸ் அல்-முத்லிஜீ என்பவர் உடற்குறிகளைக் கொண்டு உறவறியும் கலையில் வல்லவர். போர்வைக்கு வெளியே தெரிந்த ஸைத் (ரலி), உஸாமா (ரலி) ஆகியோரின் பாதங்களை மட்டும் கண்டு, இவை ஒன்றோடொன்று உறவுடைய பாதங்கள் என்று அவர் கூறினார். அதைக் கேட்டு நபி (ஸல்) அவர்கள் மகிழ்ந்தார்கள் என்பது புகாரியிலும் முஸ்லிமிலும் இடம்பெற்ற செய்தி. கல்லெலும்பை ஆராய்பவரும் ஒருவகையில் இதையே செய்கிறார். பல்லின் வடிவத்தைக் கண்டு உணவை அறிகிறார். மூட்டின் அமைப்பைக் கண்டு நடையை அறிகிறார்.

ஆயினும் கரீனா அனைத்தும் ஒரே வலிமை உடையவை அல்ல. இதற்கும் கல்லமேடே சான்று. அங்கே கிடைத்த எலும்புகளைக் கொண்டு யாதகிரி, அய்யாசாமி என்னும் இரு புவியியலாளர்கள் 1980களின் இறுதியில் ஒரு பேருயிரை அறிவித்தனர். 'பெருத்த உடலுடையது' என்னும் பொருளில் அதற்கு 'புருஹத்காயோசாரஸ்' என்று பெயரிட்டனர். அதன் கீழ்க்கால் எலும்பு மட்டுமே 2 மீட்டர் நீளம் என்றனர். முதலில் அது ஊனுண்ணி என்று வகைப்படுத்தப்பட்டது. பின்னர் நீண்ட கழுத்துடைய தாவர உண்ணி என்று திருத்தப்பட்டது. எலும்புகளோ மிகவும் நொய்ந்தவை. காலப்போக்கில் அவை உதிர்ந்தே போயின. அவை எலும்புகள்தாமா, கல்மரத் துண்டுகளா என்னும் ஐயமும் எழுந்தது. 2022இல் பழைய நிழற்படங்கள் சில வெளியிடப்பட்டபின் அவ்வுயிரின் மீது மீண்டும் கவனம் திரும்பியது. மூலப்பொருள் இல்லாதபோது, கண்டவரின் நம்பகமும் குறிப்பின் துல்லியமுமே எஞ்சுகின்றன. ஹதீஸ் கலை பயின்றோருக்கு இந்நிலை விளங்காததன்று. "டைனோசர்கள் வாழ்ந்தன" என்பது பல நாடுகளில் பல்லாயிரம் சான்றுகளால் உறுதிப்பட்டது. "கல்லமேட்டு உயிரே உலகில் மிகப்பெரியது" என்பது பலவீனமான சான்றில் நிற்பது. இரண்டையும் ஒரே தட்டில் வைத்து ஒருசேர ஏற்பதும் பிழை, ஒருசேர மறுப்பதும் பிழை.

2020இல் பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில் உருண்டையான பெரிய கற்கள் வெளிப்பட்டன. டைனோசர் முட்டைகள் என்று செய்தி காட்டுத்தீயாகப் பரவியது. வல்லுநர்கள் ஆராய்ந்தபோது, கடலுயிரின் எச்சத்தைச் சுற்றிச் சேறு படிந்து இறுகிய கல்லுருண்டைகள் என்று தெரிந்தது. செய்தி கொண்டுவரப்பட்டால் தெளிவுபடுத்திக்கொள்ளுமாறு பணிக்கும் வசனம் (49:6) கல்லுக்கும் பொருந்தத்தான் செய்கிறது.

பொய்ச் சான்று மார்க்கத்துக்கு வேண்டாம்

நம் குழுமங்களில் ஆண்டுதோறும் வலம்வரும் படம் ஒன்றுண்டு. பெரிய குழியொன்றில் மாபெரும் மனித எலும்புக்கூடு கிடக்கும். அருகே நிற்கும் ஆட்கள் எறும்பு போலத் தெரிவர். அரபுப் பாலைவனத்தில் கிடைத்த ஆது கூட்டத்தாரின் எலும்புக்கூடு என்று அதன்கீழ் எழுதப்பட்டிருக்கும்.

உண்மை யாதெனில், அது 2002இல் இணையத்தில் நடந்த படச் சித்திரிப்புப் போட்டி ஒன்றுக்காகக் கனடா நாட்டு ஓவியர் ஒருவர் உருவாக்கிய படம். அவருக்கு ஏமாற்றும் நோக்கமும் இல்லை. அதைச் செய்தியாக்கிப் பரப்பியவர்கள் பிறர். 2007இல் நேஷனல் ஜியாகிரபிக் இதை விளக்கி எழுதிய பின்னரும் பரப்புதல் ஓயவில்லை. இதில் எண்ணிப்பார்க்க வேண்டிய இன்னொரு செய்தியும் உண்டு. அப்படத்தின் அடித்தளமாக அமைந்தது 2000ஆம் ஆண்டில் நியூயார்க் மாநிலத்து ஹைட் பார்க்கில் நடந்த மெய்யான அகழ்வின் நிழற்படம். அங்கே தோண்டியெடுக்கப்பட்டது மாஸ்டடான் என்னும், யானையை ஒத்த அழிந்துபோன விலங்கு. அல்லாஹ் மெய்யாகவே படைத்த அற்புதம் ஒன்று குழிக்குள் இருந்தது. அதன்மேல் பொய்யை ஒட்டி, அந்தப் பொய்யைக் கண்டு நாம் "ஸுப்ஹானல்லாஹ்" என்றோம்.

ஆது கூட்டத்தாரைப் பற்றி வேதம் கூறுவதை நாம் வஹீயின் அடிப்படையில் நம்புகிறோம். அதற்கு ஒட்டுப்படம் தேவையில்லை. கேட்டதையெல்லாம் அறிவிப்பதே ஒருவர் பொய்யராவதற்குப் போதுமானது என்னும் நபிமொழியை இமாம் முஸ்லிம் (ரஹ்) தம் நூலின் முன்னுரையில் பதிந்திருக்கிறார்கள். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் 1095இல் நிறைவுசெய்த 'தஹாஃபுதுல் ஃபலாஸிஃபா'வின் முன்னுரையில் கிரகணத்தை எடுத்துக்காட்டி எச்சரிக்கிறார்கள். கிரகணத்துக்கான காரணம் கணக்கால் நிறுவப்பட்டது. அதை மறுப்பதே மார்க்கக் கடமை என்று எண்ணுபவர் மார்க்கத்துக்குத் தீங்கிழைக்கிறார். முறையோடு தாக்கும் எதிரியைவிட, முறைகெட்டு உதவும் நண்பனால் வரும் தீங்கே பெரிது என்பது அவர்களின் கருத்து. ஏறத்தாழ 930 ஆண்டுகளுக்கு முந்திய அவ்வெச்சரிக்கை இன்று நம் கைப்பேசிகளை நோக்கியே சொல்லப்பட்டதுபோல் இருக்கிறது.

காலத்தின் பரப்பு

இரண்டாவது கேள்வி காலத்தைப் பற்றியது. 10 கோடி, 250 கோடி என்னும் எண்கள் நம் அகீதாவோடு மோதுகின்றனவா?

1650இல் அயர்லாந்துப் பேராயர் அஷர், உலகம் கிறிஸ்துவுக்கு முன் 4004ஆம் ஆண்டில் படைக்கப்பட்டது எனக் கணக்கிட்டார். பின்னர் பாறைகளின் வயது வெளிப்பட்டபோது ஐரோப்பாவில் எழுந்த கொந்தளிப்புக்கு இத்தகைய கணக்குகளும் ஒரு காரணம். நம்மிடையேயும் உலகின் ஆயுள் 7000 ஆண்டுகள் என்னும் அறிவிப்புகள் இருந்தன. தபரீ (ரஹ்) அவர்கள் தம் வரலாற்றில் அவற்றை எடுத்தாண்டிருக்கிறார்கள். ஆனால் குர்துபாவின் இப்னு ஹஸ்ம் (ரஹ்), உலகின் வயதுக்குத் திட்டவட்டமான எண் எதையும் முஸ்லிம்கள் உறுதிகூறுவதில்லை என்று தெளிவாக எழுதினார்கள். அல்குர்ஆன் அதற்கு எண் கூறவில்லை. நம்முடைய ஆயிரம் ஆண்டுகளுக்கு ஒப்பான நாளைப் பற்றியும் (22:47), ஐம்பதாயிரம் ஆண்டு அளவுள்ள நாளைப் பற்றியும் (70:4) அது பேசுகிறது.

அல்-இன்ஸான் அத்தியாயம், மனிதன் குறிப்பிடத்தக்க பொருளாகவே இல்லாதிருந்த நெடுங்காலம் ஒன்று கடந்துவிடவில்லையா என்னும் வினாவோடு தொடங்குகிறது (76:1). முஃபஸ்ஸிர்கள் இதற்குப் பல விளக்கங்கள் தந்துள்ளனர். கல்லுயிர்களைக் குறித்தே இவ்வசனம் இறங்கிற்று என்று நாம் கூறமாட்டோம். ஆயினும் அரியலூரின் பழங்கடல் அடித்தளத்தில் நின்று இவ்வசனத்தை ஓதும் உள்ளம், "நான்" என்னும் அகந்தையை அங்கேயே இறக்கிவைத்துவிடும். ஆதம் (அலை) அவர்களின் படைப்பைப் பற்றி வஹீ கூறுவதை ஈமான் கொண்டிருக்கிறோம். அது தனியே விரித்துரைக்க வேண்டிய பொருள். மனிதனுக்கு முன் மண்ணில் படைப்பினங்கள் வாழ்ந்தன என்பதில் அந்த ஈமானுக்கு முரணேதும் இல்லை.

அழிந்தவை வீணாகுமா?

ஒரு படைப்பினம் அடியோடு அழிந்துபோகும் என்பதையே ஐரோப்பிய அறிஞர்கள் நெடுங்காலம் ஏற்கவில்லை. பின்னாளில் அமெரிக்க அதிபரான தாமஸ் ஜெஃபர்சன், இயற்கை தன் இனங்களில் எதையும் அழியவிடாது என்று வாதிட்டார். 1796இல் பாரிஸில் குவியே என்னும் அறிஞர், இலங்கை யானை, ஆப்பிரிக்க யானை ஆகியவற்றின் எலும்புகளை மண்ணிலிருந்து கிடைத்த யானையெலும்புகளோடு ஒப்பிட்டார். புதைந்து கிடந்தவை இன்றுள்ள எந்த யானையினமும் அல்ல, அழிந்துபோன வேறோர் இனம் என்று நிறுவினார். சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் டைனோசர்களும் அம்மோனைட்டுகளும் அழிந்தன என்று இன்று அறிகிறோம். அவ்வழிவுக்குச் சற்று முந்திய அடுக்குகளும் பிந்திய அடுக்குகளும் அரியலூர் வட்டாரத்திலேயே உள்ளன.

அழிவு என்பது நம் அகீதாவைத் திகைக்கவைப்பதில்லை. பூமியின் மீதுள்ள யாவும் அழியக்கூடியவை (55:26). எப்படைப்பையும் நிலைநிறுத்துவது அல்லாஹ்வின் மீது கடமையன்று என்பதே அஷ்அரி, மாதுரீதி இமாம்களின் நிலைப்பாடு. எனினும் பிள்ளையின் கேள்வி எஞ்சி நிற்கிறது. காண்பதற்கும் பயன்கொள்வதற்கும் மனிதனே இல்லாதபோது அவை எதற்காக?

அக்கேள்விக்குள் ஓர் அனுமானம் மறைந்திருக்கிறது. நாம் காணாதது வீண் என்பதே அது. வேதம் அவ்வாறு சொல்லவில்லை. நாம் அறியாதவற்றையும் அல்லாஹ் படைக்கிறான் (16:8). ஊர்வனவும் பறப்பனவும் நம்மைப் போன்ற சமுதாயங்களே (6:38). அவனைத் துதிக்காத பொருள் எதுவுமில்லை. அத்துதியை நாம்தான் உணர்வதில்லை (17:44). தம்மை ஓர் எறும்பு கடித்ததற்காக எறும்புப் புற்றையே எரிக்கச் செய்த நபி ஒருவர், துதிக்கும் சமுதாயம் ஒன்றை அழித்துவிட்டீரே என்று அல்லாஹ்வால் கண்டிக்கப்பட்ட செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ளது. மனிதச் செவி ஒன்றுமில்லாத அக்காலக் கடலிலும் துதி நிகழ்ந்தது. துதிக்கப்பட்டவன் கேட்டுக்கொண்டிருந்தான். அவற்றின் வாழ்வு வீணாகவில்லை என்பதற்கு அதுவே போதும்.

இங்கே நமக்கு ஒரு பொறுப்பும் வந்துசேருகிறது. டைனோசர்களின் அழிவில் மனிதனின் கை இல்லை. டோடோவின் அழிவில் உண்டு. மொரீஷியஸ் தீவின் பறக்கவியலாத அப்பறவையை, ஜஹாங்கீரின் அவை ஓவியர் உஸ்தாத் மன்ஸூர் வரைந்ததாகக் கருதப்படும் ஓவியம் இன்றும் ரஷ்யாவில் பாதுகாக்கப்படுகிறது. ஓவியம் எஞ்சியது, பறவை 17ஆம் நூற்றாண்டிலேயே முடிந்துபோயிற்று. முகலாய வேட்டைகளில் கூட்டமாக வளர்க்கப்பட்ட சிவிங்கிப்புலியின் கடைசி மூன்றும் 1947இல் சுட்டுக்கொல்லப்பட்டன; 1952இல் இந்தியாவில் அவ்வினம் அற்றுப்போனதாக அறிவிக்கப்பட்டது. 2022இல் நமீபியாவிலிருந்து கொண்டுவர நேர்ந்தது. நூஹ் (அலை) அவர்களுக்கு ஒவ்வொன்றிலும் ஓர் இணையைக் கப்பலில் ஏற்றிக்கொள்ளுமாறு கட்டளை வந்தது (11:40). அமானிதத்தைச் சுமந்தவன் மனிதன். துதிக்கும் சமுதாயம் ஒன்றை நம் கையால் முடித்துவைப்பது சிறிய குற்றமன்று.

பெற்றோர்க்குச் சில சொற்கள்

பிள்ளை கேட்கும்போது கடிந்துகொள்ள வேண்டாம். "ஆம், அவை வாழ்ந்தன, நம் ரப்பு படைத்தான், குர்ஆனில் அவற்றின் பெயர் இல்லை, அனைத்தின் பெயரையும் சொல்வதற்காக அது இறங்கவில்லை" என்று நேராகச் சொல்லுங்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்லத் தயங்காதீர்கள். 'அல்லாஹு அஃலம்' என்பது நம் இமாம்களின் நாவில் இருந்த சொல். வந்த படத்தை ஆராயாமல் அனுப்பாதீர்கள். விடுமுறையில் வாய்ப்பிருந்தால் சாத்தனூர்க் கல்மரத்துக்கும், அரியலூர் மாவட்டம் வாரணவாசியிலுள்ள புதைபடிவ அருங்காட்சியகத்துக்கும் பிள்ளைகளை அழைத்துச் செல்லுங்கள். கல்மரத்தைச் சுரண்டாமல், துண்டு பெயர்த்தெடுக்காமல் பார்த்து வரப் பழக்குங்கள். நமக்குப் பின்வருவோருக்கும் அது அத்தாட்சி.

யா அல்லாஹ்! பொருள்களை அவை உள்ளபடியே எங்களுக்குக் காட்டித் தருவாயாக. எங்கள் பிள்ளைகளின் ஈமானை உண்மையின் மீது நிலைபெறச் செய்வாயாக. ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.